மலப்புறம் தந்த தேர்தல்

தேர்தல் நெருங்கும் நாட்களில் நம் ஊர்ப் பள்ளிவாசல் திண்ணைகளில் கேட்கப்படும் முதற்கேள்வி, "நமக்கு எத்தனை இடம்?" என்பதேயாகும். மூன்றா, நான்கா, எந்தச் சின்னத்தில், எந்த ஊரில் என்று பேச்சு வளரும். அந்த இடங்களை வைத்துக்கொண்டு எதைக் கேட்கப்போகிறோம், எந்த வட்டாரத்திற்கு எது வேண்டும் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. எழுந்தாலும் வாக்குப்பதிவு முடிந்த பிறகே எழுகிறது. கேட்க வேண்டிய காலத்தில் கேட்டு, கேட்டதைப் பெற்றுக்கொண்ட ஒரு நிகழ்ச்சி நம் அண்டை நாடாகிய மலபாரில் 1967ஆம் ஆண்டில் நடந்தது. அதற்குத் தலைமை தாங்கிய இயக்கத்தின் அகில இந்தியத் தலைவர் நம் திருநெல்வேலிப் பேட்டையைச் சேர்ந்தவர். ஆயினும் தமிழ் முஸ்லிம்களிடையே அந்நிகழ்ச்சி விரிவாகப் பேசப்பட்டதில்லை.

மலபார் நமக்கு அந்நியமன்று. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் தமிழகத்து மதரஸாக்களில் ஓதிய எவரும் "ஃபத்ஹுல் முயீன்" என்னும் ஃபிக்ஹு நூலைக் கையில் ஏந்தாமல் வெளியேறியிருக்க முடியாது. அதனை யாத்த ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் பொன்னானியைச் சேர்ந்தவர்கள். போர்த்துக்கீசியரின் கொடுமைகளை அறபு மொழியில் வரலாறாக எழுதி, பிஜப்பூர் சுல்தான் அலீ ஆதில்ஷாவுக்குக் காணிக்கையாக்கியவர்களும் அவர்களே. அப்பெருமக்களின் முன்னோர் மஃபர்க் கரையிலிருந்து, அதாவது நம் காயல்பட்டினம் கீழக்கரைப் பக்கத்திலிருந்து, மேற்கே சென்று குடியேறியோர் என்பது வழிவழியாக வரும் செய்தி. நாம் அறபுத் தமிழ் எழுதியது போல அவர்கள் அறபு மலையாளம் எழுதினார்கள்.

அத்தகைய அறிவுப் பாரம்பரியம் வாய்ந்த நிலம், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எந்நிலையில் இருந்தது? ஏறநாடு, வள்ளுவநாடு என்னும் தாலுகாக்கள் 1921ஆம் ஆண்டு எழுச்சியின் களங்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டபோது, அவ்வாண்டு நவம்பரில் திரூரிலிருந்து கைதிகளைக் காற்றுப்புகாத சரக்கு வண்டியில் அடைத்து அனுப்பினார்கள். நம் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் கதவைத் திறந்து பார்த்தபோது பிணங்கள் கிடந்தன. ஏறத்தாழ 70 பேர் அவ்வண்டியால் மாண்டனர். அதற்குப் பின் அவ்வட்டாரம் ஆட்சியாளரின் சந்தேகப் பார்வைக்கு உரியதாகவே இருந்துவந்தது. பள்ளிக்கூடம், சாலை, மருத்துவமனை யாவும் வேறெங்கோ சென்றன. குடியானவர்கள் நிலச்சுவான்தார்களுக்கு வாரம் அளந்துகொண்டிருந்தார்கள்.

நாடு விடுதலை பெற்றபின், 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள், சென்னை அரசினர் தோட்டத்து மண்டபத்தில் (இன்று அது ராஜாஜி மண்டபம்) கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீகைத் தொடர்ந்து நடத்துவது என்று முடிவாயிற்று. கலைத்துவிடலாம் என்று சொன்னவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாகிப் அவர்கள் தலைமையேற்றார்கள். அடுத்த ஆண்டிலேயே அரசியல் நிர்ணய சபை, சிறுபான்மையினருக்கான ஒதுக்கீட்டு இடங்களைக் கைவிட்டது. இனி ஒரு முஸ்லிம் கட்சி வாழவேண்டுமாயின், பொதுத் தொகுதியில் பொது வாக்காளர் முன் நின்றே வாழவேண்டும் என்றாயிற்று.

அந்நாளைய சென்னை மாநிலத்தில் மலபார் ஒரு மாவட்டம். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்திற்கு லீக் அனுப்பிய 5 உறுப்பினர்களும் மலபாரினரே. மலப்புறம் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவர் பி. போக்கர் சாகிப். 1956 நவம்பர் முதல் நாளில் மலபார் கேரளத்தோடு இணைந்தபோது, தமிழகத்து லீகுக்கு வலக்கரம் அறுபட்டதுபோல் ஆயிற்று. மலபாருக்கோ வேறொரு சோதனை. புதிய மாநிலம் அம்மாவட்டத்தைக் கண்ணூர், கோழிக்கோடு, பாலக்காடு என மூன்றாகப் பிரித்தது. முஸ்லிம்கள் நெருக்கமாக வாழ்ந்த நடுப்பகுதி இரண்டாகப் பிளந்தது. ஏறநாடும் திரூரும் கோழிக்கோட்டோடு சேர்ந்தன; பெரிந்தல்மண்ணையும் பொன்னானியும் பாலக்காட்டோடு சேர்ந்தன. கடற்கரையில் உள்ள பொன்னானிக்காரர், கலெக்டரைக் காண மலைக்கணவாயின் வாயிலில் உள்ள பாலக்காட்டுக்குப் போகவேண்டும். நிலம்பூர்க் காட்டோரத்துக் குடியானவர் கோழிக்கோட்டுக்குப் போகவேண்டும்.

என்னோடு வேலூரில் ஓதிய ஏறநாட்டு நண்பர் ஒருவர் இருந்தார். தம் பாட்டனார் ஒரு நிலத்தகராறுக்காகக் கோழிக்கோடு சென்று, கச்சேரியில் காகிதம் கிடைக்காமல், குற்றிச்சிறைப் பள்ளிவாசலில் இரவு தங்கி, மறுநாளும் வெறுங்கையோடு திரும்பிய கதையைச் சொல்லுவார். நாங்கள் சிரிப்போம். மாவட்டத் தலைநகர் தூரத்தில் இருப்பது ஏழைக்கு எத்தனை நாள் கூலி என்பது அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

இனித் தேர்தல்களைப் பார்ப்போம். 1957இல் கேரளத்தின் முதற்சட்டமன்றத் தேர்தலில் லீகர்கள் சுயேச்சைகளாகவே களத்தில் நின்று 8 இடங்களைக் கைப்பற்றினார்கள். ஆட்சி கம்யூனிஸ்டுகளிடம் சென்றது, ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதலமைச்சரானார். இரண்டே ஆண்டில் "விமோசன சமரம்" எழுந்தது. 1959 ஜூலை 31இல் அவ்வாட்சி கலைக்கப்பட்டது. அக்கிளர்ச்சியில் லீகும் பங்கேற்றது. 1960ஆம் ஆண்டு இடைக்காலத் தேர்தலில் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்டு, லீக் மூன்றும் கைகோத்தன. லீக் 12 இடங்களில் நின்று 11இல் வென்றது.

இவ்விடத்தில்தான் நம் கவனம் சற்றே தங்கவேண்டும். 126 இடங்கள் கொண்ட மன்றத்தில் காங்கிரசுக்கு 63. பிரஜா சோஷலிஸ்டுக்கு 20. இரண்டையும் கூட்டினால் 83. லீகின் 11 பேர் இல்லாமலே ஆட்சி அமைக்கலாம். எனவே அமைச்சரவையில் பங்கு கேட்டபோது கதவு அடைக்கப்பட்டது. வகுப்புவாதக் கட்சி என்ற பெயரைச் சொல்லியே அடைத்தார்கள். அந்த வகுப்புவாதக் கட்சியின் கொடி, தேர்தல் மேடையில் காங்கிரஸ் கொடிக்குப் பக்கத்தில் பறந்தபோது எவருக்கும் உறுத்தவில்லை. ஆறுதலாகச் சபாநாயகர் நாற்காலி தரப்பட்டது. அறிஞர் கே.எம். சீதி சாகிப் அதில் அமர்ந்தார். 1961 ஏப்ரலில் அன்னார் காலமானார். அடுத்து 33 வயதே நிரம்பிய சி.எச். முஹம்மது கோயா அப்பதவிக்கு வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை: லீக் உறுப்பினர் பொறுப்பிலிருந்து அவர் விலகவேண்டும். விலகினார்! தன் கட்சிக்காரரை ஒரு நாற்காலியில் உட்காரவைக்க, அவரைத் தன் கட்சியிலிருந்தே விலக்கிக்கொள்ள ஒரு கட்சி இசைந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே உறவு முறிந்தது, சி.எச். பதவியை விட்டிறங்கினார். அன்றைய சூழலை நான் அறியேன் என்று சிலர் சொல்லக்கூடும். சூழல் எதுவாயினும், அந்த நிபந்தனைக்கு இசைந்தது தவறு என்பதே என் துணிபு.

ஆனால் அத்தவறு ஒரு பாடசாலையாக அமைந்தது. 1962 மக்களவைத் தேர்தலில் லீக் எவர் தயவும் இன்றித் தனித்து நின்றது. கோழிக்கோட்டில் சி.எச். வென்றார்; மஞ்சேரியில் காயிதே மில்லத் வென்றார்கள். மலையாளம் தாய்மொழியல்லாத, சென்னைக் குரோம்பேட்டையில் எளிய வீட்டில் வாழ்ந்த ஒரு தமிழரை ஏறநாட்டு மக்கள் 1962, 1967, 1971 என மூன்று முறை மக்களவைக்கு அனுப்பினார்கள். வேட்புமனுவைக் கொடுத்துவிட்டு அவர் ஊருக்குப் போய்விடுவார், வெற்றிச் செய்தி அவரைத் தேடிப் போகும் என்று மலபாரில் கதைபோல் சொல்வார்கள். கதையில் மிகை இருக்கலாம். மூன்று வெற்றிகளில் மிகையில்லை. 1965 சட்டமன்றத் தேர்தலில் லீகுக்கு 6 இடமே கிடைத்தது. எவருக்கும் பெரும்பான்மை இல்லாமையால் அம்மன்றம் கூடாமலே கலைந்தது. ஆனால் ஒரு செய்தி எல்லாக் கட்சிகளுக்கும் எட்டியது: மலபாரின் நடுப்பகுதியில் லீகைச் சேர்க்காமல் வெல்வது அரிது.

1967 தேர்தல் வந்தது. அரிசிப் பஞ்சம் கேரளத்தை வாட்டிய நேரம். ஈ.எம்.எஸ். தலைமையில் ஏழு கட்சிகள் ஒரு முன்னணியாய்த் திரண்டன. அவற்றுள் லீகும் ஒன்று. எட்டாண்டுகளுக்கு முன் எவர் ஆட்சியைக் கவிழ்க்கத் தெருவில் இறங்கினார்களோ, அவரோடேயே இப்போது கைகுலுக்கல். இறைமறுப்புக் கொள்கையினரோடு உடன்படிக்கையா என்று உலமாக்கள் சிலர் முகஞ்சுளித்தார்கள். அக்கேள்வி எளிதாகத் தள்ளத்தக்கதன்று. கொள்கையில் உடன்படுவது வேறு, ஒரு பொதுநன்மைக்காக உடன்படிக்கை செய்வது வேறு என்ற வேறுபாட்டை ஃபிக்ஹு படித்தவர்கள் அறிவார்கள். ஆயினும் அவ்வேறுபாடு மேடையில் நிலைப்பது கடினம் என்பதையும் அறிவார்கள். கேரள லீகின் தலைவர் சையித் அப்துர் ரஹ்மான் பாபக்கித் தங்ஙள் அவ்வுடன்படிக்கையின் சுமையைத் தம் தோளில் ஏற்றார். அவர் கோழிக்கோட்டு அரிசி வணிகர். எதை எப்போது பேரம் பேசவேண்டும் என்பதை அறிந்திருந்தார் என்றால், அதை இழிவாகக் கொள்ளவேண்டியதில்லை.

லீக் முன்வைத்த வேண்டுகோள்களில் தலையாயது, பிளந்துகிடந்த அந்த நான்கு தாலுகாக்களையும் ஒன்றாக்கி ஒரு மாவட்டம் அமைக்கவேண்டும் என்பது. மற்றொன்று, வடகேரளத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம். கூட்டணிக்கு லீக் கேட்ட விலை மாவட்டமே என்று எதிர்ப்பாளர்கள் குற்றமாகச் சொன்னார்கள். வரலாறு எழுதுவோர் இன்று அதனையே செய்தியாக எழுதுகிறார்கள். விலை என்ற சொல்லுக்கு நான் அஞ்சவில்லை. வாக்கு ஓர் அமானிதம். அதனை ஒரு வட்டாரத்துப் பள்ளிக்கூடத்திற்காகவும் கச்சேரிக்காகவும் கொடுப்பது, ஒருவரின் மந்திரிப் பதவிக்காகக் கொடுப்பதைவிட மேலானது.

முடிவு வந்தபோது 133 இடங்களில் மார்க்சிஸ்டு கட்சிக்கு 52. இந்தியக் கம்யூனிஸ்டு கட்சிக்கு 19. சம்யுக்த சோஷலிஸ்டுக்கு 19. லீக் 15 இடங்களில் நின்று 14இல் வென்றது. காங்கிரஸ் 9 இடங்களோடு சுருங்கியது. வாசகர்கள் இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். 52, 19, 19 மூன்றும் கூடினால் 90. லீகின் 14 இல்லாமலே ஆட்சி நடக்கும். 1960இல் இருந்த நிலையே 1967இலும் இருந்தது! அன்று கதவு அடைக்கப்பட்டது, இன்று திறந்தது. அன்று வெற்றிக்குப் பின் கேட்டார்கள். இன்று தேர்தலுக்கு முன்னரே பேசி முடித்திருந்தார்கள். தனித்து நிற்கவும் தயங்கார் என்பதை 1962இல் காட்டியிருந்தமையால் பேச்சுக்கு எடையும் இருந்தது. வேறு காரணங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஏறநாட்டை அறிந்த ஒருவர் முதலமைச்சராக இருந்ததும் அவற்றுள் ஒன்று. ஈ.எம்.எஸ். பிறந்த ஏலங்குளம், பெரிந்தல்மண்ணைக்கு அண்மையிலுள்ள சிற்றூர். தம் பிறந்த மண்ணின் நிலை அவருக்கு எவரும் சொல்லித் தெரியவேண்டியதன்று.

மார்ச்சு 6இல் அமைச்சரவை பதவியேற்றது. லீகுக்கு இரு அமைச்சர்கள். சி.எச். கல்வித்துறையைப் பெற்றார், மஞ்சேரி அஹ்மது குரிக்கள் பஞ்சாயத்துத் துறையைப் பெற்றார். உள்துறையோ நிதியோ இல்லை, பள்ளிக்கூடமும் கிராமமும்தான். அடுத்த ஆண்டே, 1968இல், கேரளப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழகம் எழுந்தது. அதுவரை வடபுலத்து மாணவன் முதலில் சென்னையையும் பின்னர் திருவனந்தபுரத்தையும் எதிர்நோக்கியிருந்தான். தேஞ்ஞிப்பலம் என்னும் குன்றுப்புறம் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பெயர் கள்ளிக்கோட்டைக்கு, இடம் ஏறநாட்டுப் பக்கத்துக்கு! திருச்சூர் முதல் வடக்கேயுள்ள கல்லூரிகள் யாவும் அதன்கீழ் வந்தன. முஸ்லிம் மாணவர்களைப் போலவே ஈழவர், நாயர், கிறித்தவர், வயநாட்டு மலைவாசிகளின் பிள்ளைகளும் அதன் வாசலில் நுழைந்தார்கள்.

மாவட்டம் அத்துணை எளிதாக வரவில்லை. "மாப்பிளஸ்தான்" உருவாகிறது என்று பத்திரிகைகள் அலறின. கடற்கரை ஓரத்தில் பாகிஸ்தானுக்கு ஒரு வாசல் திறக்கப்படுகிறது என்று ஜனசங்கத்தார் பேசினார்கள். குருவாயூர்க் கோவில் நுழைவுக்காக உண்ணாநோன்பிருந்த காந்தியவாதி கே. கேளப்பன் அவர்களே எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார் என்பது நெஞ்சை வருத்தும் செய்தி. அப்பெரியாரின் தூய்மையை நான் ஐயுறவில்லை; 1921இன் நிழல் எவ்வளவு நீளமாக விழுந்திருந்தது என்பதையே அது காட்டுகிறது. அவ்வளவு எதிர்ப்பையும் மீறி, 1969 ஜூன் 16ஆம் நாள் ஏறநாடு, திரூர், பெரிந்தல்மண்ணை, பொன்னானி என்னும் நான்கு தாலுகாக்களோடு மலப்புறம் மாவட்டம் பிறந்தது. அதனைக் காணும் பேறு அஹ்மது குரிக்களுக்குக் கிட்டவில்லை. முந்திய ஆண்டே அன்னார் மறைந்துவிட்டார். மாவட்டம் பிறந்த நான்காம் திங்களில், அக்டோபர் 24இல், ஈ.எம்.எஸ். அமைச்சரவையே கவிழ்ந்தது. அதனைக் கவிழ்த்த பக்கத்தில் லீகும் இருந்தது. இன்னும் சில மாதம் தாமதித்திருந்தால் மலப்புறம் கோப்பிலேயே உறங்கியிருக்கும்.

பயம் காட்டியவர்கள் சொன்ன எதுவும் நடக்கவில்லை. மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் எழுத்தச்சன் பிறந்த திரூர் அம்மாவட்டத்தில்தான் உள்ளது. 2012இல் மலையாளப் பல்கலைக்கழகம் அமைந்ததும் அங்கேதான். 1902இல் தொடங்கிய கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலைக்கு நம் ஊர் முதியவர்கள் இன்றும் எண்ணெய் வாங்கப் போகிறார்கள். 1988இல் கரிப்பூரில் விமானத்தளம் வந்தது. வளைகுடாப் பணம் வந்து வீடுகள் எழுந்தன என்பதும் உண்மை. அதனால் எல்லா வளர்ச்சியையும் மாவட்டத்தின் கணக்கில் எழுதிவிடலாகாது. ஆயினும் 1991 ஏப்ரல் 18இல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கோழிக்கோட்டு மேடையில் அறிவித்தவர், முதிய வயதில் எழுத்துக் கற்றுக்கொண்ட மலப்புறத்து மாப்பிளைப் பெண்மணி சேலக்கோடன் ஆயிஷா என்பதை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. 2011 கணக்கெடுப்பில் அம்மாவட்டத்தின் மக்கள்தொகை 41 இலட்சம். கேரளத்தில் அதுவே பெரிது.

எல்லாம் நன்றாகவே தொடர்ந்தது என்று சொல்ல மாட்டேன். பதவி நீண்டகாலம் கைக்கு வந்தால் கேட்கும் பொருளும் மாறிவிடுகிறது. 2011இல் லீகுக்கு 20 உறுப்பினர்கள் கிடைத்தார்கள். 2012இல் நாடு முழுதும் பேசப்பட்ட அக்கட்சியின் வேண்டுகோள் எது? ஐந்தாவது மந்திரி. அதனைப் பெற்றார்கள், பெற்றதனால் வந்த கசப்பையும் பெற்றார்கள். இரண்டே மந்திரிகளோடு ஒரு மாவட்டத்தையும் ஒரு பல்கலைக்கழகத்தையும் பெற்றவர்களின் வாரிசுகள் அவர்கள். பத்தாம் வகுப்பில் தேறிய மலப்புறத்துப் பிள்ளைகள் மேல்நிலை வகுப்பில் இடமின்றி அலைந்த செய்திகளும் அதற்குப் பின் ஆண்டுதோறும் வந்தன.

நம் நிலை வேறு என்று வாசகர்கள் சொல்லலாம். வேறுதான். ஏறநாட்டைப் போல் நாம் ஓரிடத்தில் நெருங்கி வாழவில்லை; வாணியம்பாடியிலும் மேலப்பாளையத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் சிதறி வாழ்கிறோம். ஆகவே நம் கல்லூரிகள் வாக்குப்பெட்டியிலிருந்து பிறக்கவில்லை. வள்ளல்களின் பெட்டியிலிருந்து பிறந்தன. 1951இல் சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும், 1956இல் உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் கல்லூரியும் அவ்வாறு எழுந்தவையே. அவ்வள்ளன்மைக்கு எத்துணை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் வள்ளலிடம் கலெக்டர் கச்சேரியையோ கண்மாயையோ துறைமுகத்தையோ கேட்க முடியாது. அவற்றை அரசிடமே கேட்கவேண்டும். அப்படிக் கேட்கும்போது, சிதறிவாழும் சமுதாயம் தன் அண்டைவீட்டாரோடு சேர்ந்து, அந்த வட்டாரத்தின் பெயராலேயே கேட்கவேண்டியிருக்கும்.

நம்மவர் எவரும் அவ்வாறு கேட்டதில்லை என்று எண்ணிவிடவேண்டாம். அதே 1967இல் இராமநாதபுரம் தொகுதியிலிருந்து சுயேச்சையாக மக்களவைக்குச் சென்றவர் எஸ்.எம். முஹம்மது ஷெரீப் சாகிப். 1971இல் லீகின் சார்பில் பெரியகுளத்தில் வென்றார். 1974இல் கச்சத்தீவு இலங்கைக்கு விடப்பட்டபோது, அவ்வுடன்படிக்கையை எதிர்த்து மக்களவையில் எழுந்து பேசியவர்களுள் அவரும் ஒருவர். அன்று அவர் பெரியகுளத்தின் உறுப்பினர். எனினும் தாம் முன்னர் பிரதிநிதியாயிருந்த இராமநாதபுரத்து மக்களின் சார்பில் பேசினார். அக்கரையில் வலைவீசுவோர் பரதவரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு.